வெட்சிப் பூவில் அந்தரத்தில் நிற்பது தேன்சிட்டா, கருவண்டா?

கேள்வி (மதுரையிலிருந்து ஒரு வாசகர்): எங்கள் வாசல் வெட்சிக்குச் சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒன்று வருகிறது. அரை விரல் நீளம், பச்சை முதுகு, வயிற்றில் சிவப்புப் பட்டை. உட்காராமல் நின்றபடியே தேன் குடிக்கிறது, கொய்யென்று சத்தம் வேறு. அண்ணன் ஹம்மிங்பேர்ட் என்கிறான். அம்மா கருவண்டு, கொட்டிவிடும், கிட்டே போகாதே என்கிறார். யார் சொல்வது சரி?

9 ஜூலை 2023, இரவு

அண்ணனும் தப்பு, அம்மாவும் தப்பு. ஆனால் அம்மா பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது.

ஹம்மிங்பேர்ட் அமெரிக்கக் கண்டங்களைத் தாண்டி எங்கும் கிடையாது. நம் ஊரில் அப்படி ஒன்றைப் பார்த்தேன் என்று யாராவது வீடியோ அனுப்பினால், தலையில் உணர்கொம்பு இரண்டும் தெரிகிறதா என்று பாருங்கள். அநேகமாகத் தெரியும். தேன்சிட்டும் இல்லை. தேன்சிட்டு காம்பைப் பிடித்து உட்கார்ந்து குடிப்பதுதான் வழக்கம், எப்போதாவது நாலு நொடி சிறகடித்து நிற்கும்.

உங்கள் வீட்டுக்கு வருவது அந்துப்பூச்சி. பருந்து அந்துப்பூச்சி என்கிற குடும்பம். பெயர் செபோனோடெஸ் ஹைலாஸ். ஆங்கிலத்தில் இதன் பெயரில் காபி, தேனீ, பருந்து மூன்றும் உண்டு. இறக்கை விரித்தால் ஐந்து முதல் ஏழு சென்டிமீட்டர். இறக்கை கண்ணாடி மாதிரி, நரம்பு மட்டும் கறுப்புக் கோடாகத் தெரியும். வால் நுனியில் கறுப்பு மயிர்க்கற்றை, பறக்கும்போது விசிறி மாதிரி விரியும். கொட்டாது. அந்துப்பூச்சியில் எதற்குமே கொடுக்கு கிடையாது. கருவண்டு என்று அம்மா பயப்பட வேண்டும் என்பதற்காகத்தான் அது அந்த வேஷம் போட்டிருக்கிறது. தேனீ வேஷம்.

9 ஜூலை, மறுபடியும்

இறக்கை ஏன் கண்ணாடியாக இருக்கிறது என்று சொல்ல விட்டுப்போனது. அந்துப்பூச்சியைப் பிடித்தால் விரலில் மாவு ஒட்டும் இல்லையா, அதுதான் செதில். இதற்கு அது இருந்து உதிர்ந்துபோகிறது. பூவுக்குப் பூ மோதி, நாள் ஆக ஆகத் தேய்ந்து போகும் என்று நினைக்கிறேன்.

(பின்குறிப்பு, ஆகஸ்ட்: இது தப்பு. கீழே 17-ஆம் தேதி எழுதியதைப் பாருங்கள். அழிக்காமல் விடுகிறேன், என் லட்சணம் தெரியட்டும்.)

16 ஜூலை, காலை

ஊருக்கு உபதேசம் செய்துவிட்டு வந்தால் என் வீட்டிலேயே பஞ்சாயத்து. சேலத்தில் எங்கள் மாடியில் ஒரு கார்டினியா தொட்டி இருக்கிறது. இரண்டு வருஷம் முன் வாங்கியது. விற்றவர் பூச்சியே வராதுங்க என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார். இன்று காலை பார்த்தால் மேல் கொப்பு மூன்றில் இலை இல்லை, காம்பு மட்டும் நிற்கிறது. கீழே தரையில் கொத்தமல்லி விதை அளவுக்குக் கறுப்பு உருண்டைகள், ஒவ்வொன்றிலும் வரி வரியாகப் பள்ளம். எச்சம். எச்சம் எங்கே விழுந்திருக்கிறதோ அதற்கு நேர் மேலே பார்க்க வேண்டும், இது அம்மாயி சொல்லிக் கொடுத்த வித்தை. கறிவேப்பிலைப் புழுவை அப்படித்தான் பிடிப்பார்.

பத்து நிமிஷம் பார்த்தும் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் ஒரு இலை விளிம்பு நகர்ந்தது. புழு. மதுரைக்காரருக்கு நான் சொன்ன அதே அந்துப்பூச்சியின் புழு.

இலைப் பச்சையே அதன் பச்சை. பக்கவாட்டில் தலையிலிருந்து கொம்பு வரை ஒரு வெள்ளைக் கோடு, அது இலையின் நடு நரம்பு போலவே கண்ணை ஏமாற்றுகிறது. மூச்சுத்துளைகள் வரிசையாகச் செம்மஞ்சள் பொட்டுகள். கழுத்தில் ரவை தூவினது மாதிரி மஞ்சள் சொரசொரப்பு. பின்னால் வளைந்த ஒரு கொம்பு. கொம்பைத் தொட்டுப் பார்த்தேன், ரப்பர் மாதிரி மடங்குகிறது, ஒன்றும் செய்யாது. தலையைத் தூக்கி மார்பை வளைத்து அசையாமல் நின்றது. எகிப்து ஸ்பிங்ஸ் சிலை மாதிரி நிற்கிறது என்றுதான் இந்தக் குடும்பத்துக்கே அந்தப் பெயர் வைத்தார்களாம். எனக்கென்னவோ திட்டு வாங்குவதற்காக நிற்கும் பள்ளிக்கூடப் பையன் மாதிரிதான் தெரிந்தது.

எண்ணினேன். ஏழு.

16 ஜூலை, இரவு

வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: வெட்சிக்கு வருவது கார்டினியாவை ஏன் தின்ன வேண்டும்? தேன் குடிப்பது வளர்ந்த பூச்சி, இலை தின்பது அதன் புழு. பூ எதுவாக இருந்தாலும் பூச்சிக்குச் சம்மதம். உண்ணிச்செடி, சீமை நாயுருவி, நித்தியகல்யாணி எல்லாவற்றிலும் பார்த்திருக்கிறேன். ஆனால் முட்டை வைப்பது காபிக் குடும்பச் செடிகளில். கார்டினியா, காபி, பாவட்டை, மருக்காரை, நுணா எல்லாம் ஒரே குடும்பம்தான். வெட்சியும் அதே குடும்பம், ஆனால் அதில் நான் புழுவைப் பார்த்ததில்லை. காபி நம் மண்ணுக்கு வெளியூர்ச் செடி, பூர்வீகம் ஆப்பிரிக்கா. வந்ததும் இது, அட நம்ம ஆள் என்று தின்ன ஆரம்பித்திருக்கும். அதற்கு முன்னால் கரட்டிலும் காட்டிலும் இருக்கிற மருக்காரையும் பாவட்டையும் போதுமானதாக இருந்திருக்கும்.

நந்தியாவட்டையில் புழு இருக்கிறது, இதுதானா என்று இன்னொருவர். இல்லை. நந்தியாவட்டையும் அரளியும் வேறு குடும்பம். அதைத் தின்பதும் பருந்து அந்துப்பூச்சிதான், ஆனால் வேறு ஒன்று. அதன் புழுவுக்குக் கழுத்துப் பக்கம் நீலக் கண் மாதிரி இரண்டு பொட்டு இருக்கும்.

24 ஜூலை

ஏழில் மூன்று கறுத்துவிட்டன. பச்சை போய் உடம்பு முழுக்கப் புகைக் கறுப்பு, தலை மட்டும் செம்மண் நிறம். நோய் என்று நினைத்தேன். பிறகு வேறு இனமோ என்று நினைத்து ஒரு நண்பரிடம் படத்தைக் காட்டி அவரையும் குழப்பினேன்.

இரண்டும் இல்லை. ஒரே செடியில் நெருக்கமாக வளர்ந்தால் இதன் புழு கறுப்பாகும், தனியாக வளர்ந்தால் பச்சையாகவே இருக்கும். வெட்டுக்கிளி தனியாக இருந்தால் ஒரு நிறம், கூட்டம் சேர்ந்தால் இன்னொரு நிறம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், அதே கதை. இலை நிறைய இருக்கும்போது ஒளிந்துகொள்ளலாம். எல்லாரும் தின்று செடி மொட்டையான பிறகு பச்சையாக இருந்து யாரை ஏமாற்ற?

நண்பர் மன்னிக்கவும்.

26 ஜூலை

கணக்கு: ஏழில் இரண்டைக் கொண்டைக்குருவி கொண்டுபோனது. என் கண் முன்னால் ஒன்று. கைப்பிடிச்சுவரில் வைத்து அந்தப் பக்கம் இந்தப் பக்கம் அடித்து, மென்மையாக்கி, முழுங்கியது. ஒன்று காணவில்லை. இன்னொன்று சாப்பிடுவதை நிறுத்தி இரண்டு நாளாக அதே இடத்தில் இருந்தது. இன்று காலை அதன் முதுகில் அரிசிப் பொரி ஒட்டினது மாதிரி வெள்ளைக் கூடுகள், முப்பதுக்கு மேல். குளவி. கொசு அளவுதான் இருக்கும் ஒரு ஒட்டுண்ணிக் குளவி புழுவுக்குள்ளே முட்டையிட்டுவிட்டுப் போயிருக்கிறது. குஞ்சுகள் உள்ளேயே தின்று வளர்ந்து, தோலைத் துளைத்து வெளியே வந்து கூடு கட்டியிருக்கின்றன. புழு இன்னும் சாகவில்லை, அதுதான் பார்க்க முடியவில்லை.

மருந்தடிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: ஏழில் நாலு போய்விட்டது, நான் ஒன்றும் செய்யாமலேயே. மருந்தடித்தால் முதலில் சாவது அந்தக் குளவிதான்.

மீதி மூன்று. இரண்டை மட்டும் பிளாஸ்டிக் டப்பாவில் வைத்துக் கொசுவலை கட்டி, தினம் இலை போடுகிறேன். ஒன்று செடியிலேயே இருக்கட்டும்.

2 ஆகஸ்ட்

டப்பாவில் இருந்த இரண்டும் முதுகில் ஊதா கலந்த அழுக்குச் சிவப்பாக மாறி, தின்பதை விட்டுவிட்டு ராத்திரி முழுக்கச் சுற்றிச் சுற்றி ஓடின. கல்யாண வீட்டில் சாவியைத் தொலைத்தவர் மாதிரி. மண் தேடுகின்றன. மூன்று விரல் உயரத்துக்கு மண்ணும் சருகும் போட்டேன், அரை மணியில் இரண்டும் உள்ளே. மரத்தில் கூடு தொங்கும் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாற வேண்டாம். இந்தக் குடும்பத்தில் பலதும் மண்ணுக்குள்தான்.

6 ஆகஸ்ட்

வெட்கத்தோடு எழுதுகிறேன். மொட்டையாகிவிட்டதே, துளிர்க்கட்டும் என்று கார்டினியா தொட்டியைக் கிளறி எரு போட்டேன். செடியிலேயே விட்ட மூன்றாவது புழு எங்கே போயிருக்கும் என்று யோசிக்கவே இல்லை. களைக்கொத்தில் பளபளவென்று காபி நிறத்தில் ஒன்று மாட்டி இரண்டாகப் போனது. மண்ணில் இருக்கும் என்று நாலு நாள் முன்னால் எழுதினது நான்தான்.

17 ஆகஸ்ட், காலை 8

வந்துவிட்டது! கூட்டுப்புழுவாகப் பதினைந்து நாள் கணக்கு.

இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் 9-ஆம் தேதி நான் சொன்னதை இது பொய்யாக்கிவிட்டது. ஆறரை மணிக்குப் பார்த்தபோது குச்சியில் தொற்றிக்கொண்டு இருந்தது. இறக்கை முழுசாக விரிந்து காய்ந்துவிட்டது. ஆனால் கண்ணாடி இல்லை! பழைய டியூப் லைட் மேல் தூசி படிந்த மாதிரி மங்கல் சாம்பல் நிறம். வேறு ஏதோ பூச்சி வந்திருக்கிறது என்றே நினைத்தேன். உடம்பு மட்டும் அதே பச்சை, அதே சிவப்புப் பட்டை.

ஏழேகாலுக்கு நடுங்க ஆரம்பித்தது. இறக்கை பாதி விரிந்த நிலையில், பறக்காமல், வெறும் அதிர்வு. பறக்கும் தசை சூடாக வேண்டும், அதற்காக எல்லாப் பருந்து அந்துப்பூச்சியும் இப்படிச் செய்யும், குளிர் காலையில் வண்டியை ஆக்ஸிலேட்டர் முறுக்கி நிறுத்தி வைப்பது மாதிரி. அப்போதுதான் அது நடந்தது. ஜன்னல் வெயிலில் அதைச் சுற்றி ஒரு புகை. திருநீற்றை ஊதினால் வருமே, அந்த மாதிரி. நாலைந்து நொடிதான். புகை அடங்கியபோது இறக்கை வழியாக எதிர்ச் சுவரின் காலண்டர் தெரிந்தது. தேதி படிக்கலாம்.

நாள்பட்டுத் தேய்வதெல்லாம் இல்லை. செதில் பிறக்கும்போது இருக்கிறது, சரியாக ஒட்டாமல் இருக்கிறது, முதல் சிறகடிப்பிலேயே கொட்டிப்போகிறது. வலையைத் திறந்ததும் போயே போய்விட்டது. பின்னால் ஓடிப் பார்த்தால் தொட்டிக் கரையைத் தாண்டித் தெருப்பக்கம்.

18 ஆகஸ்ட்

இரண்டாவதும் வந்தது, நாங்கள் யாரும் பார்க்காதபோது. டப்பாவின் அடியில் சாம்பல் பொடி மட்டும் சாட்சிக்கு. விரலால் தொட்டு வெள்ளைத் தாளில் வைத்துத் தங்கை மகனின் பொம்மை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தோம். ஒவ்வொன்றும் சின்னத் துடுப்பு மாதிரி, ஒரு பக்கம் காம்பு.

20 ஆகஸ்ட், நீளமானது, பொறுத்துக்கொள்ளவும்

உதிர்க்கத்தான் போகிறது என்றால் ஏன் செதிலை உண்டாக்க வேண்டும் என்று ஒருவர் கேட்டார். எனக்குத் தெரிந்தவரை, மூதாதைகள் எல்லாம் செதில் இறக்கைக்காரர்கள். செதில் வராமலே செய்வதைவிட, வந்ததைத் தளர்வாக ஒட்டி உதறிவிடுவது எளிதாக இருந்திருக்கலாம். உதிர்ந்த பிறகும் ஒரு வேலை இருக்கிறது. வெறும் கண்ணாடித் துண்டை வெயிலில் ஆட்டினால் பளிச்சென்று அடிக்கும், பறவைக்கு ஊர் கூட்டிச் சொன்ன மாதிரி. இந்த இறக்கை அப்படி அடிப்பதில்லை. 1990-களில் ஜப்பானில் இதே இனத்தின் இறக்கையை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறார்கள். பரப்பு முழுக்க நானோ அளவில் மேடுகள், ஒழுங்கான வரிசையில். ஒளி திரும்பி அடிக்காமல் உள்ளே போகிறது. சோலார் தகட்டுக்கும் கேமரா லென்ஸுக்கும் பூசுவதற்கு ஆட்கள் தேடுவது இதைத்தான்.

இனி முக்கிய விஷயம். முதல் நாளில் நான் பெரிய மனுஷன் மாதிரி தேனீ வேஷம் என்று எழுதினேன். இந்த ஒரு மாதமாக அதுதான் உறுத்துகிறது. எந்தத் தேனீ?

இந்த வேஷக் கணக்கை முதலில் சொன்னவர் ஹென்றி வால்டர் பேட்ஸ். 1848-லிருந்து 1859 வரை அமேசான் காட்டில் பூச்சி பிடித்துக்கொண்டு இருந்தவர். 1862-ல் எழுதினார்: கசப்பான வண்ணத்துப்பூச்சியைப் போலவே சாதுவான இன்னொன்று நிறம் மாறி உருவாகியிருக்கிறது, பறவை இரண்டையும் விட்டுவிடுகிறது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது. ஆனால் பூனை முதலில் சூடு காண வேண்டும். அதாவது அசல் ஆள் அதே ஊரில், அதே பருவத்தில், போலியைவிட அதிகமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பறவைக்குப் பாடமே நடக்காது.

ஐரோப்பாவில் இதன் நெருங்கிய சொந்தம் ஹெமாரிஸ் இருக்கிறது. அதுவும் கண்ணாடி இறக்கை, அதுவும் செதில் உதிர்ப்பது. உடம்பு மொசுமொசுவென்று, பம்பிள்பீ என்கிற குண்டுத் தேனீயின் அச்சு. அங்கே தோட்டம் முழுக்கப் பம்பிள்பீ. வேஷம் பொருந்துகிறது. தேனீப் பருந்து என்கிற அதன் பெயர்தான் நம் ஊர்ப் பூச்சிக்கும் ஒட்டிக்கொண்டது. ஆனால் நம் சமவெளியில் பம்பிள்பீ எங்கே? சேலம், மதுரை, யாழ்ப்பாணம் எங்கேயும் இல்லை. நம் தோட்டத் தேனீ இதன் பாதி நீளம்கூட இருக்காது. மலைத்தேனீ பெரியது, ஆனாலும் இதற்கு ஒல்லி.

ஆக ஐரோப்பிய சட்டையை நம் பூச்சிக்கு மாட்டிவிட்டேனோ என்று சந்தேகம்.

21 ஆகஸ்ட்

அம்மா பக்கம் நியாயம் என்று முதல் நாள் சொன்னேனே. கருவண்டு. மூங்கிலையும் ஓட்டு வீட்டு விட்டத்தையும் துளைத்துக் கூடு வைக்கிறதே, தச்சன் தேனீ, வண்டு என்றே எல்லாரும் சொல்வது. உண்மையில் அது வண்டே இல்லை, தேனீ வகை. பெண்ணுக்குக் கொடுக்கு உண்டு, ஆணுக்கு இல்லை. அளவு சரியாக இருக்கிறது. சத்தம் சரியாக இருக்கிறது. அதன் ஆண்கள் அந்தரத்தில் நின்று காவல் காப்பார்கள், அதுவும் சரி. நிறம்தான் இடிக்கிறது, அது கன்னங்கரேல், இது பச்சை.

ஆனால் கருவண்டில் எல்லாமே கறுப்பு இல்லை. முதுகுப் பக்கம் மட்டும் மஞ்சள் மயிர் போர்த்திய வகை ஒன்று இருக்கிறது, அதன் ஆண் மொத்தமாகவே பச்சை கலந்த மஞ்சள். முருங்கைப் பூவில் பார்த்திருப்பீர்கள், தனித் தனி இனம் என்று நினைத்திருப்பீர்கள்.

21 ஆகஸ்ட், ராத்திரி தூக்கம் வராமல்

வரைபடத்தை வைத்துப் பார்த்தேன். நம் பூச்சியும் அதன் உடன்பிறப்பு இனங்களும் இருக்கிற இடம்: ஆப்பிரிக்கா, இந்தியா, இலங்கை, தென்கிழக்கு ஆசியா, ஜப்பான், ஆஸ்திரேலியா. இதில் சகாரா பாலைவனத்துக்குத் தெற்கே பம்பிள்பீ இயற்கையாகக் கிடையாது, ஆஸ்திரேலியப் பெருநிலத்திலும் கிடையாது. தச்சன் தேனீ? எல்லா இடத்திலும் இருக்கிறது. ஜப்பானில் எங்கும் தென்படும் தச்சன் தேனீக்கு மார்பு மஞ்சள்.

அம்மாதான் சரி, இது போட்டிருப்பது கருவண்டு வேஷம். இந்த இழையின் முதல் வரியை வாபஸ் வாங்குகிறேன்.

23 ஆகஸ்ட்

முழுக்க வாபஸ் வாங்க வேண்டாம். நேற்று பக்கத்து வீட்டு அக்கா உண்ணிச்செடியில் இரண்டையும் ஒரே நேரத்தில் பார்த்தேன். கருவண்டு வந்தால் பூ தாழ்கிறது, உட்கார்ந்து மிதித்துத் தின்கிறது. இது பூவுக்கு முன்னால் நின்று, பின்னால் போய், பக்கவாட்டில் நழுவி, அடுத்த பூ. ஒரு பூவுக்கு இரண்டு நொடி. போனில் மெதுவாக ஓட்டிப் பார்த்தால் முன்னங்கால் இரண்டும் இதழைத் தொட்டுக்கொண்டே நிற்கிறது, பேருந்தில் கம்பியை ஒரு விரலால் பிடிப்பது மாதிரி. அந்தரத்தில் நிற்கிறது என்று நான் எழுதியதில் அவ்வளவு கழித்துக்கொள்ளவும். நாக்கு நேராக நீட்டி, பிறகு கடிகாரச் சுருள் மாதிரி உள்ளே. இந்த இரண்டையும் யாரும் குழப்ப மாட்டார்கள் என்று தோன்றியது.

அக்காவைக் கேட்டேன். "ரெண்டும் வண்டுதானே கண்ணு" என்றார். கொண்டைக்குருவியும் அக்கா மாதிரிதான் பார்க்கும் போல. அதற்கும் நேரம் இல்லை, சந்தேகம் வந்தால் விட்டுவிட்டுப் போகும். வேஷம் அச்சு அசலாக இருக்க வேண்டியதில்லை.

இன்னொன்று. இலையில் ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போது இதைக் கண்டுபிடிப்பது கஷ்டம். பச்சை முதுகு இலையோடு சேர்ந்துவிடும், இறக்கை வழியாக இலையே தெரியும். பறக்கும்போது வண்டு, உட்கார்ந்தால் இலை. கண்ணாடி இறக்கை வேஷத்துக்கா, ஒளிவதற்கா? ஒரே சட்டை இரண்டு விசேஷத்துக்கும் ஆகக் கூடாதா?

3 செப்டம்பர், ஏற்காட்டிலிருந்து

சித்தப்பாவுக்கு இங்கே காபித் தோட்டம் மூன்று ஏக்கர். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்து நட்ட காபியின் ஊர் இது. நம் பூச்சியின் பெயரிலேயே காபி இருக்கிறதே, பெரிய எதிரியாக இருக்கும் என்று எதிர்பார்த்து வந்தேன். புழுப் படத்தைக் காட்டினேன். சித்தப்பா கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதா, இது எங்கியோ ஒண்ணு ரெண்டு இருக்கும், விடு கண்ணு" என்றார். அவருக்குக் கவலை தண்டுத் துளைப்பானும் காய்த் துளைப்பானும். காய்த் துளைப்பான் இந்தியாவில் முதலில் தெரிந்தது 1990-ல், நீலகிரி மாவட்டம் கூடலூரில். அதிலிருந்து உதிர்ந்த காயை ஒன்று விடாமல் பொறுக்கச் சொல்லி ஆள் பின்னாலேயே நடக்கிறார்.

காபிப் பூவுக்கு நம் அந்துப்பூச்சி மகரந்தம் சேர்க்குமா என்று கேட்டேன். அதற்கும் உதட்டைப் பிதுக்கினார். அராபிகா தன் மகரந்தத்திலேயே காய்த்துக்கொள்ளும், ரோபஸ்டாவுக்குத்தான் வேறு செடியின் மகரந்தம் வேண்டும், அங்கேயும் வேலை செய்வது பெரும்பாலும் தேனீ. ஆக பெயரில் இருக்கும் காபிக்கு இதனால் பெரிய நஷ்டமும் இல்லை, லாபமும் இல்லை. நீளக் குழல் பூக்களுக்குத்தான் இந்த நாக்கு உபயோகம். வெட்சியின் குழலுக்குள் எந்தத் தேனீ நாக்கு எட்டும்?

தோட்டத்து வேலியோரம் பாவட்டை நிறைய. வெட்டாமல் விட்டிருக்கிறார், காரணம் கேட்டால் சோம்பேறித்தனம் என்கிறார்.

10 செப்டம்பர்

இழை திசை மாறுவது தெரிகிறது, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். நேற்று ராத்திரி வாசல் விளக்கில் மண்டையோட்டு அந்துப்பூச்சி. முதுகில் மண்டையோடு வரைந்தது மாதிரி இருக்குமே, அது. பிடித்தால் எலிக்குஞ்சு மாதிரி கீச்சென்று கத்தும். அம்மாயி இருந்திருந்தால் விளக்கை அணைத்திருப்பார்.

அதுவும் இதே பருந்துக் குடும்பம்தான். அது தேன் குடிப்பது பூவில் இல்லை, தேனீக் கூட்டிலேயே புகுந்து. காவல்காரத் தேனீக்கள் ஏன் கொல்லவில்லை என்று பார்த்தால், ஐரோப்பாவிலும் ஆப்பிரிக்காவிலும் இருக்கிற அதன் சகோதர இனத்தின் உடம்பில் தேனீயின் மேல்தோலில் இருக்கும் அதே கொழுப்பமிலங்கள் இருக்கின்றன. இருட்டில் மோந்து பார்த்தால் தேனீ. ஆளைப் பார்த்தால் மூஞ்சுறு.

நம்முடையது கண்ணுக்கு வேஷம் போடுகிறது, ஏனென்றால் அதன் எதிரி பகலில் பார்க்கும் பறவை. இது மூக்குக்கு வேஷம் போடுகிறது, ஏனென்றால் வாசலில் நிற்பவர் இருட்டில் மோப்பம் பிடிப்பவர். தேனீ வேஷத்தில் யார் பெரிய நடிகர் என்று கேட்டால் நான் இந்த மண்டையோட்டுக்காரரைத்தான் சொல்வேன். கண்ணாடி இறக்கைக்காரர் கோபித்துக்கொள்ளக் கூடாது.

12 செப்டம்பர்

நம் கண்ணாடி இறக்கைப் பூச்சியின் பெயரில் ஹைலாஸ் என்றால் என்ன என்று ஒரு கேள்வி. லின்னேயஸ் 1771-ல் வைத்த பெயர். கிரேக்கக் கதையில் ஹெர்குலிஸின் தோழன், தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் நீர்மகளிர் இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பூச்சிக்கும் அவனுக்கும் என்ன சம்பந்தம் என்றால், அந்தக் காலத்தில் பூச்சிகளுக்கெல்லாம் புராணப் பெயர் வைப்பது வழக்கம். நம்மிடம் வண்டு, சுரும்பு, ஞிமிறு, தும்பி என்று அத்தனை பெயர் இருந்தது. அதில் தும்பியைத் தட்டானுக்குக் கொடுத்துவிட்டோம், மற்றவை புலவர் உரையோடு நின்றுபோயின. இதற்கென்று ஒரு பெயரும் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. எல்லாருக்கும் வண்டு.

28 செப்டம்பர்

கேள்வி கேட்ட மதுரை வாசகர் எழுதியிருக்கிறார். அண்ணன் இன்னும் ஹம்மிங்பேர்ட் என்றுதான் சொல்கிறானாம். அம்மாவிடம் கொட்டாது என்று சொன்னதற்கு, "அப்பறம் ஏன் அப்படிச் சத்தம் போடுது" என்று கேட்டாராம். அதற்கு மேல் நான் எழுதுவதற்கு என்ன இருக்கிறது.

8 அக்டோபர்

கார்டினியா துளிர்த்துவிட்டது. நேற்று மதியம் ஒன்று வந்து செடியைச் சுற்றிச் சுற்றிப் பறந்தது, பூவே இல்லாத செடியில். வயிற்றை முன்னுக்கு வளைத்துத் துளிரின் அடியைத் தொட்டுவிட்டுத் தொட்டுவிட்டுப் போனது. இன்று காலை கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கசகசாவைவிடக் கொஞ்சம் பெரிதாக, வெளிறின பச்சையில் முட்டை. நாலு.

செடியில் இப்போது இருக்கும் இலை பதினெட்டு. சித்தப்பாவிடம் வேலியோரப் பாவட்டையில் இரண்டு கொப்பு வெட்டி ஞாயிற்றுக்கிழமை பேருந்தில் கொடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன்.